காய் உருட்டுகிறவர்கள் என்ன படிக்கிறார்கள்?

பங்குனி பிறந்தால் போதும், ஆடி முடிகிற வரைக்கும் செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டை வாசித்துப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக வரும். அந்த வரிசையில் ஒரு நாள் ‘சூது துகில்’. சகுனி காய் உருட்ட, தருமன் நாட்டை வைத்துத் தோற்று, தம்பிமாரை வைத்துத் தோற்று, தன்னையே வைத்துத் தோற்று, கடைசியில் மனைவியையும் வைப்பான். அம்மன் சேலையில் கை வைப்பதற்கு முன் துச்சாதன வேடக்காரர் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் இன்னும் உண்டு. மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கும் சரி, அந்தப் பிள்ளைக்கும் சரி, வாழ்க்கையில் முதலில் கேட்கும் பெரிய கதை ஒரு காயாட்டத்தின் கதையாகவே இருந்துவிடுகிறது.

அதனால் போர்டு கேம் ஆடுகிறவர்கள் ஓய்வில் என்ன படிக்கிறார்கள், பிள்ளைகளோடு சேர்ந்து என்ன படிக்கிறார்கள் என்ற பேச்சை இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் வாசலிலிருந்து தொடங்குவதில் தவறில்லை.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ் என்பவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்காக 1979-இல் ஒரு விதிப்புத்தகம் வெளியிட்டார். அதன் பின்னிணைப்பு ஒன்றில் தன் ஆட்டத்துக்கு ஊட்டம் கொடுத்த கதைப் புத்தகங்களைப் பட்டியல் போட்டிருந்தார். டோல்கீன், ராபர்ட் ஹோவர்ட், ஜாக் வான்ஸ் என்று நீளும் அந்தப் பட்டியலை இன்றும் ஆட்டக்காரர்கள் தேடித்தேடிப் படிக்கிறார்கள். 1982-இல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் இங்கிலாந்தில் எழுதிய கதைப் புத்தகத்தைப் பகடையோடுதான் படிக்க வேண்டும். அடுத்து எந்தப் பக்கத்துக்குப் போவது என்பதைப் படிப்பவரின் முடிவும் பகடை எண்ணும் தீர்மானிக்கும். மேலைநாட்டில் ஆட்டமும் புத்தகமும் இப்படி ஒன்றையொன்று வளர்த்தன. நம் பக்கத்தில் அந்த உறவு வேறு தினுசு. கதை ஏட்டிலும் அச்சிலும் ஏறியது. ஆட்ட விதி மட்டும் பாட்டியின் வாயிலேயே தங்கிவிட்டது.

கதைப் பக்கத்தில் விழுப்புரம் மாவட்டத்துக்குக் குறைவே இல்லை. வில்லிபுத்தூரார் பிறந்ததாகச் சொல்லப்படும் சனியூர் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. இன்றைய விழுப்புரம், கடலூர்ப் பகுதிகள்தாம் அந்த நாடு. அவர் பாடிய 4,300-க்கும் மேற்பட்ட பாட்டுகளில் சூதுபோர்ச் சருக்கம் இன்றைக்கும் பிரசங்கியார்களுக்குக் கைகொடுக்கும் பகுதி. பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது 1912-இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். அதில் ஒரு சருக்கம் முழுக்கச் சூதாட்டம். அமைதியாகப் படித்தால் பாதிச் சுவைதான் கிடைக்கும். தாயக்கட்டை உருட்டத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படித்தால், சகுனி அடுத்தடுத்துப் பணயம் கேட்கும் வேகம் பக்கத்திலிருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் உடனே பிடிபடும்.

பெரியவர்களுக்கு எஸ். ராமகிருஷ்ணனின் ‘உபபாண்டவம்’ இருக்கிறது. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ வரிசையில் ‘பன்னிரு படைக்களம்’ இருக்கிறது. பின்னது சூதாட்டத்தைச் சொல்லும் நாவல். ஆனால் அது பொறுமை கேட்கும் புத்தகம். பிள்ளைகளோடு படிக்க ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ போதும். எளிய வாக்கியம், சின்னச் சின்ன அத்தியாயம், ஒரு ராத்திரிக்கு ஒன்று. பாரதம் கேட்கும் உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைத்துவிடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில், தலித் மக்களை உள்ளே விட மறுத்த தகராறில் 2023-இல் பூட்டி முத்திரை வைக்கப்பட்டது. புத்தகக் கடையில் அந்தப் பூட்டு இல்லை.

சூதை விட்டுப் போர் ஆட்டத்துக்கு வந்தால், மேசையில் படை நிறுத்தி ஆடுகிறவர்களுக்கு இந்த மண் கொடுக்கும் வாசிப்பு இன்னும் தடிமனானது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையை ஒருமுறை ஏறிப் பார்த்தவருக்கு வேறு வரைபடம் வேண்டாம். மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698-இல். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். எட்டு வருஷம் இழுத்த முற்றுகையில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் கணக்குப் போட்டவன் யார், வெளியே நின்றவன் ஏன் சலித்துப் போனான் என்ற கேள்விகள் போர் ஆட்டக்காரருக்கு அல்வா. பிறகு 1714-இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்கு ராஜன் வருகிறான். அவன் கதையைப் ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாகத் திருவிழாக் கடையில் வாங்கி, ராகம் போட்டுப் படித்த தலைமுறை இந்த ஊர்களில் உண்டு. 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அதே கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்தார். எட்டு வருஷம் எங்கே, ஒரு ராத்திரி எங்கே! 2025 ஜூலையில் மராட்டியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பிடித்தது செஞ்சி மட்டும்தான்.

திண்டிவனத்திலிருந்து வடக்கே போனால் வந்தவாசி. 1760 ஜனவரி 22-ஆம் தேதி அயர் கூட்டின் ஆங்கிலப் படை லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த இடம். இந்தக் காலத்தை உள்ளிருந்து பார்க்கப் புதுச்சேரித் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது. 1736 முதல் 1761 வரை, விலைவாசியும் வதந்தியும் கவர்னர் வீட்டுச் சண்டையுமாக எழுதி வைத்திருக்கிறார். நாட்குறிப்பின் தமிழ் கரடுமுரடாகத் தோன்றினால் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும் முதலில் படிக்கலாம். இரண்டாவதுக்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. போர் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பீரங்கி, குதிரை எண்ணிக்கையோடு நின்றுவிடுவார்கள். அந்த பீரங்கிக்குக் கடன் கொடுத்தவன் யார் என்பதை பிரபஞ்சன் காட்டுகிறார்.

பிள்ளைகள் பக்கம் திரும்பினால் முதலில் நிற்பது பரமபதம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க ஆடும் பரமபத சோபான படத்தைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்த்தால் அது அரைப் புத்தகம் என்று தெரியும். 132 கட்டம். பாம்புகளுக்கு அசுரர் பெயர், ஏணிகளுக்கு நற்குணத்தின் பெயர், மேல் வரிசைகளில் தெய்வ உலகங்கள். பழைய அச்சில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். மை சில இடத்தில் அப்பியிருக்கும். காய் எந்தக் கட்டத்தில் விழுந்ததோ அந்தக் கட்டத்துப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் அடுத்தவர் உருட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்தால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிட நல்ல வாசிப்புப் பாடம் இல்லை. “யாருப்பா இந்த ராட்சசன், என்ன பண்ணான்?” என்று கேள்வி வரும். அங்கே கதை தொடங்கிவிடும். வினையின் பயனைக் கட்டம் கட்டமாகக் காட்டும் இந்த ஆட்டத்துக்கு வடக்கே சமண வடிவங்களும் உண்டு. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பிள்ளைக்கு இந்தச் சேதியையும் சொல்லிவைக்கலாம். கடையில் இப்போது விற்கும் பிளாஸ்டிக் பாம்புக்கட்டத்தில் எண் மட்டும் இருக்கிறது. படிக்க ஒன்றும் இல்லை.

கதை சொல்லி முடித்துக் கேள்வி கேட்பதும் ஓர் ஆட்டம்தான். வேதாளம் விக்கிரமாதித்தனுக்குப் போட்ட கேள்விகளை 1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் பிணத்தைச் சுமந்த ராஜா யாருக்கு மறக்கும்! அந்த இதழ் நின்றுவிட்டது. ஆனால் அதே உத்தியை எடுத்து அறிவியல் சொன்ன ‘விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்’ கிடைக்கிறது. கடலூர்க்காரர் ஆயிஷா இரா. நடராசன் எழுதியது, 2014-இல் பால சாகித்திய விருது பெற்றது. சத்யஜித் ராயின் ஃபெலுடா துப்பறியும் கதைகளை வீ.பா. கணேசன் தமிழாக்கத்தில் பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் பிரிவு வெளியிட்டிருக்கிறது. துப்புத் தேடும் அட்டை ஆட்டங்களில் நாட்டம் உள்ள பன்னிரண்டு வயதுக்கு இவை அளவெடுத்துத் தைத்தவை.

காமிக்ஸ் விஷயத்தில் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். சிவகாசியிலிருந்து 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்த முத்து காமிக்ஸ், 1984-இல் வந்த லயன் காமிக்ஸ் இரண்டும் இன்றும் வருகின்றன. டெக்ஸ் வில்லர், லக்கி லூக் என்று கௌபாய்க் கதைகளைக் கட்டி வைத்துப் படிக்கும் அப்பாக்கள் நிறைய. சலூன் மேசையில் சீட்டுக்கட்டு விரியாத டெக்ஸ் கதை அபூர்வம் என்பதால் சீட்டுப் பிரியர்களுக்கும் அதில் ருசி உண்டு. ஆனால் வாங்குகிறவர் அப்பா, படிக்கிறவரும் அப்பா. தரமான தாளில், பெரிய விலையில் வரும் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுக்கவே பலருக்கு மனசு வருவதில்லை. பிள்ளைகளோ ஜப்பானிய மாங்காவை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். வீட்டிலிருக்கும் நல்ல கதைகளை அலமாரியில் பூட்டிவிட்டு, பிள்ளை தமிழ் படிப்பதில்லை என்று குறைப்படுவது நியாயமில்லை.

சதுரங்கம் ஒன்றுக்குத்தான் எழுத்து வடிவம் முழுமையாக இருக்கிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது ஒலிம்பியாட் நடந்தபோது பள்ளிகளில் போட்டிகள் வைத்தார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். ஆட்டம் பரவியது. ஆனால் கொஞ்சம் முன்னேறிய பிள்ளை படிக்கும் செஸ் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலம்தான். கதையாகப் படிக்க பிரேம்சந்தின் ‘சதுரங்க ஆட்டக்காரர்கள்’ இருக்கிறது. லக்னோ பறிபோவது தெரியாமல் காய் நகர்த்தும் இரண்டு ஜாகீர்தார்கள். ராய் அதை 1977-இல் படமாக்கினார்.

பல்லாங்குழிக்கு வருவோம். பதினான்கு குழி, காய் போட்டுக்கொண்டே வரும்போது குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்வார். எல்லாருக்கும் சமமாகத் தொடங்கி, ஒருவர் கையில் எல்லாம் குவிந்து, மற்றவர் வெறுங்கையாக முடியும் ஆட்டம். தனிச்சொத்து எப்படிப் பிறந்தது என்பதை இந்தக் குழிகளில் தொ. பரமசிவன் படித்துக் காட்டினார். ‘அறியப்படாத தமிழகம்’ புத்தகத்தில் அந்தச் சின்னக் கட்டுரை இருக்கிறது. இந்தத் துறையில் தமிழில் ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்பவர் அதைப் படிக்கட்டும். அடுத்தது தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’. ஊர் ஊராக ஆட்டத்தின் பெயரையும் முறையையும் குறித்துவைத்த உழைப்பு அது. இலங்கையில் ஆடப்பட்ட பலகை ஆட்டங்களை எச். பார்க்கர் 1909-இல் ‘பண்டைய இலங்கை’ என்ற தன் ஆங்கில நூலில் படம் போட்டு விளக்கினார். கீழடியில் தந்தப் பகடையும் சுடுமண் சில்லுகளும் கிடைத்தன. காய் கிடைத்துவிட்டது, அதை வைத்து எப்படி ஆடினார்கள் என்று எழுதி வைத்தவர் இல்லை.

ஆடுபுலிக்கும் தாயத்துக்கும் இன்றைக்கு அதே கதி. மூன்று புலி, பதினைந்து ஆடு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆடு எல்லாம் இறங்குவதற்கு முன் புலி வெட்டலாமா, தாயம் விழாமல் காய் இறக்கலாமா என்று கேட்டால் தெருவுக்கொரு பதில். சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய கிரீடா போன்ற முயற்சிகள் பழைய ஆட்டங்களைப் பெட்டியில் போட்டு விதித்தாளோடு விற்கின்றன. அது நல்ல வேலை. ஆனால் ஊர் ஆட்டத்தின் விதியை ஊர்தான் எழுத வேண்டும்.

அதற்கு இடமும் இருக்கிறது. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி, ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிவைக்கப்பட்டது இதே மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில். சாயங்கால வேளையில் கதை, பாட்டு, ஆட்டம் என்று தன்னார்வலர்கள் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைப் பள்ளிக் கல்வித் துறையே அச்சிட்டுத் தருகிறது. ‘வாசிப்பு இயக்க’த்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சிறு புத்தகங்கள் வந்திருக்கின்றன. அந்த வரிசையில் பதினாறு பக்கத்தில் ஒரு தாயம், ஒரு பல்லாங்குழி, ஒரு ஆடுபுலி வரலாம்: முன்பாதி கதை, பின்பாதி விதி, நடுப்பக்கத்தில் ஆடவே ஒரு கட்டம்.

இதைப் படிக்கும் விழுப்புரத்துக்காரர்களும் திண்டிவனத்துக்காரர்களும் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் தெருவில் தாயத்துக்கு என்ன விதி என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, யாரிடம் கேட்டது என்று கீழே குறித்து, ஒரு பிரதியைப் பக்கத்துக் கிளை நூலகத்திலும் ஒன்றைப் பிள்ளையின் பள்ளியிலும் கொடுங்கள்.