தொட்டியும் சாடியும்

செடி வளர்க்கத் தொடங்கியபோது முதலில் செய்த தப்பு, வாங்கிய அன்றே பெரிய தொட்டிக்கு மாற்றியது. கைப்பிடி வேருக்குப் பதினாலு அங்குலத் தொட்டி. வேர் எட்டாத மண்ணில் தண்ணீரைக் குடிக்க ஆளில்லை. தேங்கிப் புளித்தது. மணி பிளான்ட் மஞ்சளாகி விழுந்தது.

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டுக்கு அப்பால் போனால், இதே வேலையைப் பிழைப்பாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏல நாற்றைப் பாத்தியிலிருந்து எடுத்து 20 செ.மீ. பாலிதீன் பையில் வைப்பார்கள். காட்டு மேல்மண் மூன்று பங்கு, மட்கிய சாணம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. பைக்கு அடியில் ஓட்டைகள். தோட்டத்தில் நடும்போதும் தட்டையின் அடியை ஆழமாகப் புதைப்பதில்லை. மழைக்காலத்தில் அழுகல் வந்துவிடும். என் மணி பிளான்டுக்கும் அதே அழுகல்தான், வீட்டுக்குள் வந்திருந்தது.

இலங்கையில் தொட்டி என்பதில்லை, பூச்சாடி. கண்டித் தோழி என் செடிகளைப் பார்த்ததும் கேட்டாள்: “எல்லாம் மண்தானா? தும்புச்சோறு போடேல்லையா?” நாம் தென்னை நார்க்கழிவு என்பது அவளுக்குத் தும்புச்சோறு. அவள் வீட்டில் அந்தூரியம் வளர்வது உரிமட்டைத் துண்டுகளிலும் தும்பிலும். மண் பேருக்குத்தான்.

தண்ணீர் விடுவதில் இதனால் பெரிய வித்தியாசம். தும்பின் மேற்பரப்பு காய்ந்து நிறம் வெளுக்கும்; விரலைக் கீழே விட்டால் ஈரம் இருக்கும். மேலே பார்த்துத் தண்ணீர் விடுகிறவர் செடியை மூழ்கடிப்பார். நம் நர்சரிச் செடிகளில் நேர்மாறு. ஆந்திரத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருபவை இறுகிய மண் உருண்டையோடு வரும். ஊற்றிய தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடி அடித்தட்டில் நிற்கும். நடு வேர் வறண்டே கிடக்கும். மாற்றும்போது உருண்டையின் ஓரத்தை விரலால் உதிர்த்துவிட வேண்டும். அதற்கு மனம் வராதவர்கள் தொட்டியை வாளித் தண்ணீரில் இறக்கிக் குமிழி அடங்கும்வரை வைக்கலாம்.

நாட்டை வைத்துப் பிரிப்பதும் முழுச் சரியில்லை. சுண்ணாம்புக்கல் மேலே கிடக்கும் யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் சாடி விளிம்பில் வெள்ளைப் படிவு விடும்; அங்கே வெயிலுக்குக் காயும் வேகம் போடியைப் போலத்தான். கண்டியின் ஈரமோ நம் ஏலமலையின் ஈரம். ஆடியில் மலையில் மழை பிடித்துக்கொள்ளும், கீழே போடியில் வறட்டுக் காற்றடிக்கும். ஒரே செடி, ஒரே கலவை: மேலே வாரம் ஒருமுறை விட்டாலும் மிகுதி, கீழே மண்தொட்டியில் நாள்தவறாமல் விட வேண்டும்.

தோழி போன பிறகு தும்புக்கட்டி ஒன்று வாங்கினேன். உப்பு போக மூன்று தண்ணீரில் அலசி, செம்மண்ணும் சாண உரமும் கலந்து, ஆறு அங்குலத் தொட்டியில் புதுக்கொடி வைத்திருக்கிறேன். காலையில் விரல் இரண்டாம் கணுவரை போகிறது. இன்று ஈரம் இருந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.