'இரட்டைச் சுருள்' நூலும் ஆய்வுக்குழுத் தலைமையும்: ஒரு விமர்சன நோக்கு

ஜேம்ஸ் வாட்சன் 1968 இல் வெளியிட்ட 'இரட்டைச் சுருள்' எனும் நூல், டி.என்.ஏ. மூலக்கூற்றின் அமைப்புக் கண்டறியப்பட்ட கதையைத் துப்பறியும் நாவலுக்குரிய விறுவிறுப்புடன் கூறுகின்றது. அதன் வாசிப்புச் சுவையை மறுப்பார் இலர். ஆயின், பல்துறை ஆய்வுக்குழுவொன்று எதனால் சிதைகின்றது என்னும் வினாவுக்கு அது தரும் விடை ஏற்கத்தக்கதன்று. இலண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழுவின் பின்னடைவுக்கு றொசலின்ட் பிராங்க்ளினின் சுபாவத்தையே அந்நூல் பெரிதும் காரணமாக்குகின்றது. அவர் இல்லாதவிடத்துப் பிறர் வழங்கிய 'றோசி' என்னும் பெயராலேயே அவரைச் சித்திரிக்கின்றது.

உண்மையில் அக்குழுவின் தோற்றம் சிறப்பானது. றேடாருக்கு இன்றியமையாத குழிவு மக்னெற்றோனை 1940 இல் ஹரி பூற்றுடன் இணைந்து உருவாக்கிய பௌதிகவியலாளர் ஜோன் றன்டல், மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவுடன் 1947 இல் அங்கு உயிர்ப்பௌதிகவியற் பிரிவை நிறுவினார். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகிய துறைகளைச் சார்ந்தோர் ஒரே கூரையின்கீழ் ஒன்றுசேர்க்கப்பட்டனர்.

தவறு தலைமையில் நிகழ்ந்தது. டி.என்.ஏ. பற்றிய எக்ஸ்-கதிர் ஆய்வில் பிராங்க்ளினும் மாணவர் ரேமன்ட் கொஸ்லிங்குமே ஈடுபடுவர் என 1950 டிசெம்பரில் றன்டல் பிராங்க்ளினுக்கு எழுதினார். கொஸ்லிங்குடன் அவ்வாய்வை ஏலவே தொடங்கியிருந்த மொறிஸ் வில்கின்ஸ் அக்கடிதத்தை அறியார். எனவே 1951 ஜனவரியில் பிராங்க்ளின் சுதந்திர ஆய்வாளராக வந்தபோது, வில்கின்ஸ் தமது பணிக்குத் துணையானவரையே எதிர்பார்த்திருந்தார். இருவரும் தத்தமக்குச் சொல்லப்பட்டதை நம்பியே நடந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இருவரின் இயல்புகளும் ஒவ்வாதவை என்பது மெய்யே. ஆயினும் 1953 இல் பேர்ணலின் பொறுப்பிலிருந்த பேர்க்பெக் கல்லூரி ஆய்வுகூடத்துக்குச் சென்ற பிராங்க்ளின், ஆரோன் குளூக் முதலியோருடன் இணைந்து வைரசுக்களின் அமைப்பைப் பயனுற ஆராய்ந்தார். அவ்வொத்துழைப்பு 1958 இல் அவர் மறையும்வரை நீடித்தது. குழுவாக இயங்க இயலாதவர் என்னும் சித்திரிப்பை இவ்வொரு செய்தியே தகர்க்கின்றது.

நூலிலேயே இதற்கான மாற்றுச் சான்று உண்டு. கேம்பிரிட்ஜில் வாட்சன் பாடநூல்களை நம்பி மூலங்களின் ஐதரசன் அணுக்களைத் தவறான இடங்களில் அமைத்தார். அதே அறையிலிருந்த இரசாயனவியலாளர் ஜெரி டொனகியூ அதனைத் திருத்தினார். அதன் பின்னரே மூலங்களின் இணைவு புலப்பட்டது. அங்கு பிறதுறை அறிவு இயல்பான உரையாடலாய்க் கிடைத்தது. கிங்ஸ் கல்லூரியிலோ, பிராங்க்ளினின் வழிகாட்டலில் 1952 மே மாதம் கொஸ்லிங் எடுத்த புகைப்படத்தை 1953 ஜனவரியில் வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டினார்; பிராங்க்ளின் அதனை அறிந்திலர்.

கையெழுத்துப் பிரதியை வாசித்த கிறிக்கும் வில்கின்சும் எதிர்த்தமையால் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் நூலைக் கைவிட்டது. உயிரோடிருந்தோர் மறுப்புரைக்க முடிந்தது. பத்தாண்டுகளுக்கு முன்னரே மறைந்தவருக்கு அவ்வாய்ப்பில்லை. பிராங்க்ளின் பற்றிய தமது தொடக்க எண்ணங்கள் பல தவறானவை என வாட்சன் பின்னுரையில் ஒப்புக்கொண்டமை பாராட்டுக்குரியதே. எனினும் நூல் முழுவதும் வரைந்த உருவத்தைச் சில பத்திகள் அழித்துவிடா.

அறிஞரைத் திரட்டுவதோடு தலைவரின் கடமை முடிவதில்லை. எவருக்கு எப்பொறுப்பு, எத்தரவு எவருக்கு உரியது என்பவற்றை அனைவரும் அறியக் கூறுவதும் அக்கடமையின் பாற்பட்டது. அது தவறியவிடத்துப் பழியைத் தனியொருவரின் குணத்தின்மீது சுமத்துவது வரலாறு ஆகாது.