கப்பல் பந்தி

சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம். ஓட்டலுக்கு எழுதுகிறோம். டி.வி. சீரியலுக்குக்கூட மார்க் போடுகிறோம். ஆனால், ஒரு குடும்பத்தின் தீபாவளி போனஸை இரண்டே ராத்திரியில் விழுங்கி ஏப்பம் விடுகிற சொகுசுக் கப்பலுக்கு மட்டும் யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. வருவதெல்லாம் விளம்பரம். இல்லாவிட்டால் போய் வந்தவர் காட்டும் போட்டோ. போட்டோவில் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், பணம்தான் கட்டியாகிவிட்டதே!

நான் குடியிருக்கும் அம்பத்தூர் பக்கத்தில் கடல் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த நீர்நிலைகள் புழல், செம்பரம்பாக்கம், மழைக்காலத்தில் எங்கள் தெரு. அதனாலேயோ என்னவோ கப்பல் என்றால் இங்கே எல்லாருக்கும் ஒரு கிறக்கம். எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவர், ஆவடி டாங்க் ஃபாக்டரியில் ரிடையர் ஆனவர், பூந்தமல்லியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் எல்லாரும் சொல்கிறார்கள்: ‘ஒரு தடவையாவது ஃபேமிலியோட கப்பல்ல போய்ட்டு வந்துடணும் ஸார்.’ போய் வாருங்கள். சீட்டு எடுத்த பணத்தில் போகிறீர்கள் என்பதால், ஏறுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

சென்னைக்குப் பயணிகள் கப்பல் புதிதல்ல. 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ பல பத்தாண்டுகள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. 1973-ல் அது ஓய்ந்த பிறகு ‘எம்.வி. சிதம்பரம்’. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து, உயிர்ப்பலியோடு அந்தச் சேவை முடிந்தது. அவையெல்லாம் ஓர் ஊருக்குப் போவதற்கான கப்பல்கள். டெக்கில் பாய் விரித்துப் படுத்து, ஒரு வாரம் குமட்டலோடு போனவர்களுக்கு அது உல்லாசமே அல்ல, பிழைப்பு.

இப்போதைய சமாசாரம் வேறு. 2022 ஜூன் 4-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் கொடியசைக்க, சென்னையிலிருந்து கிளம்பியது கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’. 2023 ஜூனில் இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. இந்தக் கப்பல் 1990-ல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் ராயல் கரீபியன் கம்பெனிக்காகப் பிறந்தது. மயாமியிலிருந்து மூன்று, நான்கு ராத்திரி போய்த் திரும்பும் குட்டிப் பயணங்களுக்கென்றே வடிவமைத்த கப்பல். கொள்ளளவுக் கணக்கில் சுமார் 48,500 டன். 2024-ல் இறங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ இதைப் போல ஐந்து மடங்கு. சைஸ்தான் வேறு, சூத்திரம் ஒன்றே: ஊர் முக்கியமில்லை, கப்பலே ஊர்.

நான் படித்தது பி.காம். எனக்குக் கப்பலைப் பார்த்தால் கவிதை வராது, பேலன்ஸ் ஷீட்தான் வரும். உலகத்தின் மிகப் பெரிய கப்பல் உல்லாசக் கம்பெனியான கார்னிவலின் 2023 கணக்கைப் பாருங்கள். மொத்த வருமானம் ஏறக்குறைய 2,160 கோடி டாலர். இதில் டிக்கெட் விற்று வந்தது சுமார் 1,400 கோடி. மீதி 750 கோடி டாலர்? பெரும்பகுதி நீங்கள் கப்பலுக்குள் ஏறிய பிறகு பாக்கெட்டிலிருந்து எடுத்தது. பார், சூதாட்டக்கூடம், மசாஜ், போட்டோ, கரையில் சுற்றிக் காட்டுவது. அதாவது நூறு ரூபாய் வருமானத்தில் முப்பத்தைந்து ரூபாய், ‘எல்லாம் சேர்த்துத்தான் ஸார்’ என்று சொன்ன டிக்கெட்டுக்கு வெளியே!

மல்டிப்ளெக்ஸ் பாப்கார்ன் தெரியுமல்லவா? அதே கதை. ஒரு வித்தியாசம், தியேட்டரில் இடைவேளை பத்து நிமிஷம். கப்பலில் இரண்டு நாளும் இடைவேளை.

ஆகவே முதல் பாடம். விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை பெரும்பாலும் ஓர் அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில் ஒருவருக்கானது. அதோடு ஜி.எஸ்.டி., துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான டிப்ஸ் சேரும். கடைசியாக வரும் தொகையைக் கேட்டு வாங்கிக் காகிதத்தில் எழுதுங்கள். எழுதியதும் அந்தக் காகிதத்தை மறந்துவிடுங்கள். காரணம் இருக்கிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ‘மூழ்கிய செலவு’ என்று ஒரு சமாசாரம் தெரியும். போன காசு போனதுதான். அடுத்து எடுக்கும் முடிவில் அதைக் கொண்டுவரக் கூடாது. இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் நம்மவர்கள் கப்பலில் கஷ்டப்படுகிறார்கள். ‘இவ்ளோ கட்டியிருக்கோம், சாப்பிடுடா’ என்று பையன் தட்டில் நாலாவது பேஸ்ட்ரியை வைக்கும் அப்பாவை நான் இரண்டு கப்பல்களில் பார்த்திருக்கிறேன். பையன் முகத்தில் ஜெலுசில் விளம்பரம் தெரிகிறது. கட்டின காசை வயிறு வழியாக வசூல் பண்ண முடியாது ஸார். நாலாவது பேஸ்ட்ரியால் கம்பெனிக்கு ஆகும் நஷ்டம் சில ரூபாய். உங்களுக்கு ஒரு ராத்திரி.

இனி சாப்பாடு. நம் கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தால் சாப்பாடு நம்மைத் தேடி வரும். பஃபேயில் நாம் அதைத் தேடிப் போகவேண்டும். ‘பந்திக்கு முந்து’ என்ற பழமொழி இங்கே உதவாது. ஏறிய முதல் மத்தியானம் மொத்தக் கப்பலும் அங்கேதான் நிற்கும். ஒரு மணி நேரம் தள்ளிப் போங்கள். போனதும் தட்டை எடுக்காதீர்கள். வெறுங்கையோடு ஒரு சுற்று வந்து, என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு எடுங்கள். வரிசையின் ஆரம்பத்தில் சோறும் நூடுல்ஸும் ரொட்டியும் வைத்திருப்பது தற்செயல் அல்ல. விலை குறைந்தது முதலில், வயிறு நிரம்பியபின் மீன்.

ஒரே நேரத்தில் ஆயிரத்தைந்நூறு பேருக்குச் சமைக்கிற சமையலில் கைப்பக்குவம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. யாருக்கும் காரமாக இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்வதால், யாருக்கும் ருசியாகவும் இருப்பதில்லை. நான் சாப்பிட்ட கப்பல் சாம்பார், நம்மூர் சாம்பாருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. ஆனால், இரண்டு விஷயங்களில் கப்பல் சமையலறை கெட்டி. ஒன்று, ராத்திரியில் அங்கேயே சுட்டு எடுக்கும் பன்னும் பிரெட்டும். இரண்டு, எதிரில் அடுப்பு வைத்து ஒருவர் நின்று செய்து தருவது. ஆம்லெட், தோசை, பாஸ்தா எதுவானாலும் சரி. மூடி போட்டுச் சூடு பண்ணிக்கொண்டிருக்கும் பாத்திரத்தைத் தாண்டி, அடுப்புக்கு எதிரே போய் நில்லுங்கள். ‘கொஞ்சம் பச்சமிளகா போடுங்க’ என்று சொல்ல அங்கேதான் முடியும்.

இன்னொன்று. பெரும்பாலான கப்பல்களில் பஃபே தவிர, உட்கார்ந்து பரிமாறும் பெரிய சாப்பாட்டுக்கூடம் ஒன்று இருக்கும். டிக்கெட்டிலேயே அடக்கம். மேஜை விரிப்பையும் நாலு ஸ்பூனையும் பார்த்து ‘இது நமக்கில்ல’ என்று வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். கூச்சப்படாதீர்கள். இதற்குக் காசு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். எந்த ஸ்பூன் எதற்கு என்று பரீட்சை யாரும் வைக்கப்போவதில்லை. சைவம், ஜைன உணவு, சர்க்கரை வியாதி, வேர்க்கடலை அலர்ஜி இதையெல்லாம் டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும். தனிக்காசு கேட்கும் ஸ்பெஷல் ரெஸ்டாரண்டுகளைப் பொறுத்தவரை என் விதி சுலபமானது: அம்பத்தூரில் கிடைப்பதைக் கடலில் அதிக விலைக்கு வாங்காதே.

உடம்பு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. கப்பல்களில் வாந்திபேதி பரப்பும் நோரோவைரஸ் பொல்லாதது. வாசலில் கையில் ஊற்றும் சானிடைசருக்கு அது அவ்வளவாக மசியாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சமையலறையை அவர்களுடைய நோய்த்தடுப்பு மையம் சோதித்து நூற்றுக்கு மார்க் போடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் ஃபெயில். மார்க்கை எல்லாரும் பார்க்கலாம். நம் துறைமுகங்களிலும் இப்படி மார்க் போட்டு வாசலில் ஒட்டினால், கொடியசைப்பதைவிட அது பெரிய சேவை. இரண்டாவது எச்சரிக்கை, கடல் குமட்டல். முதல் ராத்திரி பாதி வயிறு போதும். அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் குறைவு. பெரும்பாலும் வாடகையும் குறைவு.

அடுத்து பானங்கள். தண்ணீரும் காபி, டீயும் பொதுவாக இலவசம். டின்னில் அடைத்தது, பாட்டிலில் ஊற்றியது எல்லாம் காசு. ‘பாக்கேஜ்’ எடுத்தால் அளவில்லாமல் குடிக்கலாம் என்பார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு நாள் பாக்கேஜ் விலையை ஒரு கிளாஸ் விலையால் வகுங்கள். ஆறு என்று விடை வந்தால், ஏழாவது கிளாஸில்தான் உங்களுக்கு லாபம் ஆரம்பம். ஏழாவது கிளாஸில் லாபத்தை அனுபவிக்கும் நிலையில் நீங்கள் இருப்பீர்களா என்பது தனிக் கேள்வி. பல கப்பல்களில் ஒருவர் வாங்கினால் அதே அறையில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்கியே ஆகவேண்டும் என்று விதி வேறு. கணவர் விஸ்கிக்கு, மாமியார் பெயரிலும் பணம்!

எல்லாவற்றையும்விட ஆபத்தானது அந்த அட்டை. கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச்சாவி அட்டையை நீட்டினால் கணக்கில் ஏறிவிடும். அண்ணாச்சி கடை அக்கவுன்ட் நோட்டு மாதிரிதான். ஆனால், அண்ணாச்சியின் முகம் மாசம் ஏற ஏற மாறும், நமக்கும் ஒரு பயம் இருக்கும். அட்டைக்கு முகமே கிடையாது. தினமும் சாயங்காலம் ரிசப்ஷனில் போய் ‘இதுவரைக்கும் எவ்வளவு?’ என்று கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் கையில் இருக்கும் அட்டையில் செலவு ஏறாதபடி பூட்டச் சொல்லுங்கள், செய்து தருவார்கள்.

சூதாட்டக்கூடம் பொதுவாகக் கரையை விட்டு வெகுதூரம் போன பிறகே திறக்கும். சட்டம் கரையோடு நின்றுவிடுகிறது. 2022 ஜூனில் ‘எம்ப்ரஸ்’ஸுக்குப் புதுச்சேரி அனுமதி மறுத்ததற்கு, அதில் சூதாட்டம் இருக்கிறது, கலாசாரம் கெடும் என்று கிளம்பிய எதிர்ப்புதான் காரணம். புதுச்சேரியில் மது பற்றிக் கவலைப்பட்டார்கள் என்று கேட்டு நான் கொஞ்ச நேரம் பேச்சிழந்து உட்கார்ந்திருந்தேன். என் கவலை கலாசாரம் அல்ல, கணிதம். அங்கே கடைசியில் ஜெயிப்பது மேஜைதான். சும்மா நின்று வேடிக்கை பார்ப்பதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

கேளிக்கை. கப்பலின் பெரிய ஏமாற்றம் இங்கேதான். ‘எம்ப்ரஸ்’ அரங்கின் நிகழ்ச்சிப் பெயர்களைப் பாருங்கள்: ‘பல்லே பல்லே’, ‘இந்தியன் சினிமாஸ்கோப்’. ஆடுகிறவர்கள் உயிரைக் கொடுத்து ஆடுபவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், சென்னையில் ஏறும் கூட்டத்துக்குப் பாலிவுட் ஜிகினா எதற்கு? கானா இல்லையா, பறை இல்லையா, வில்லுப்பாட்டு இல்லையா? காங்கேசன்துறைக்குப் போகிற கப்பலில், ரஜூலாவின் கதையை ஒருவர் அரைமணி நேரம் தமிழில் சொன்னால் நான் முதல் வரிசையில் உட்காருவேன். ‘மன்மதன் அம்பு’ பார்த்துக் கப்பல் கனவு கண்டவர்கள் நம்மிடம் நிறைய. அவர்களை வரவேற்கத் தமிழில் ஒரு மேடை இல்லாதது வியாபார ரீதியிலேயே முட்டாள்தனம்.

இதைவிட முக்கியம், காலை முதல் நடுராத்திரிவரை ஏதாவது ஒலிபெருக்கி கத்திக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று யோசித்தேன். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர் எதையும் வாங்க மாட்டார். அவரை எழுப்பி, நடக்கவைத்து, பாருக்கும் கடைக்கும் நடுவே நிறுத்தவேண்டும். கடலைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துப்போய், கடலுக்கு முதுகு காட்டி உட்காரவைக்கிறார்கள். என் முக்கியமான குற்றச்சாட்டு இதுதான்.

அதனால் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து மேல்தளத்துக்குப் போங்கள். அந்த நேரத்தில் அங்கே பாட்டு இருக்காது, செல்ஃபி கூட்டம் இருக்காது. நாலு பக்கமும் கரையே இல்லாத வங்காள விரிகுடா. கையில் இலவசக் காபி. பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிப் போங்கள். நீங்கள் கட்டின காசு வசூலாகும் இடம் அது ஒன்றுதான்.

கடல் மட்டும் போதும் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுப் பயணிகள் கப்பல் போகிறது. மூன்று நாள் மாதிரி ஆகும். தேதி நிச்சயமில்லை, கேன்டீன் சாப்பாடு, ஜிகினா கிடையாது. கடல் மட்டும் அதே கடல்தான்.

மார்க் போடாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். சொகுசுக் கப்பல் சாப்பாட்டுக்கு நூற்றுக்கு 55. பானத்துக்கு 30. கேளிக்கைக்கு 40. விடிகாலை மேல்தளத்துக்கு 95. போகிறவர்கள் ஆவடியிலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலைப் பிடியுங்கள், துறைமுகம் எதிரிலேயே. அங்கே மிச்சம் பிடிக்கும் டாக்ஸி காசு, கப்பலில் ஒரு ஐஸ்க்ரீமுக்கு ஆகும்.