தலையில் அடிபட்ட பையனை யார் வெளியே அழைப்பது?

2025 ஜனவரி 31, புனே. இங்கிலாந்துக்கு எதிரான டி20 ஆட்டத்தில், இந்திய இன்னிங்ஸின் கடைசி ஓவரில் ஆல்ரவுண்டர் ஷிவம் துபேயின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. இடைவேளைக்குப் பின் அவருக்குப் பதிலாக டெல்லி வேகப்பந்து வீச்சாளர் ஹர்ஷித் ராணா இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார், இந்தியா வென்றது. ஆல்ரவுண்டருக்குப் பதில் முழுநேர பவுலரா என்று பெரும் வாதம் நடந்தது. நியாயமான வாதம்தான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, டெல்லி மைதானத்தில் பதினைந்து வயதுப் பையன் தலையில் அடி வாங்கினால் அவனை வெளியே அழைக்கும் அதிகாரம் யாருக்கு என்பது.

இந்த ஆபத்தை டெல்லி அறியும். 1998 பிப்ரவரியில் டாக்கா லீக் ஆட்டத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற டெல்லி பேட்ஸ்மேன் ராமன் லம்பாவின் தலையைப் பந்து தாக்கியது. எழுந்து, நடந்தே ஓய்வறைக்குப் போனார். பிறகு நினைவிழந்தார். மூன்று நாளில் இறந்தார், வயது 38. அடிபட்டவர் எழுந்து நடக்கிறார் என்பதாலேயே ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணக் கூடாது.

வளரும் பிள்ளைகளுக்குக் கவலை இன்னும் கூடுதல். முதல் மூளை அதிர்வு ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக, மூளை வீங்கி உயிரே போகலாம். 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது சாக்கரி லிஸ்டெட், தலையில் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கிச் சரிந்தான். அவன் பெயரில் 2009இல் சட்டம் வந்தது. அதன்படி, மூளை அதிர்வு என்ற சந்தேகம் எழுந்தாலே வெளியே அனுப்ப வேண்டும். மருத்துவர் எழுதித் தராமல் திரும்பக் கூடாது. ஆபத்தைப் பெற்றோருக்கு முன்கூட்டியே விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். 2014க்குள் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலானவற்றில் மீறுவோருக்குத் தண்டனை இல்லை. கடைப்பிடிப்பது பள்ளியின் மனசாட்சியைப் பொறுத்தது.

இந்தியா அந்த ஓட்டையோடு தொடங்க வேண்டியதில்லை. 2025இன் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சிறார் பாதுகாப்புக்கான கொள்கையைக் கோருகிறது. மூளை அதிர்வு விதியும் அதற்குள் வரட்டும். விதியை அமல்படுத்தவும் நமக்குத் தெரியும். வயது மோசடியைப் பிடிக்கக் கிரிக்கெட் வாரியம் சிறுவர்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கிறது. வயதுக்குக் காட்டும் கண்டிப்பைத் தலைக்கும் காட்டலாமே!

தேர்வாளர் பார்க்கும் நாளில் எந்தப் பையனும் தலை சுற்றுகிறது என்று சொல்லமாட்டான். வெற்றியை எதிர்பார்க்கும் கோச்சும் தயங்குவார். ஆகவே முடிவு நடுவரிடமோ மருத்துவரிடமோ இருக்க வேண்டும். 1960இல் டெல்லியில் தொடங்கிய பள்ளிக் கால்பந்துப் போட்டியான சுப்ரதோ கோப்பை இதைத் தொடங்கிவைக்கலாம்: மருத்துவர் சீட்டு இல்லாமல் அடிபட்ட பிள்ளையை இறக்கும் அணி, அந்த ஆட்டத்தை இழக்கும்.