மூட்டுத் தேய்மானத்துக்கு ரத்தப் பரிசோதனை எதற்கு?

முழங்கால் வலி என்று போனால் எக்ஸ்ரேயோடு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., யூரிக் அமிலம், ஆர்.ஏ. ஃபேக்டர் என்று ஒரு பட்டியலும் கைக்கு வந்துவிடுகிறது. ஆய்வகங்கள் இவற்றை ‘ஆர்த்ரைட்டிஸ் புரொஃபைல்’ என்று ஒரே தொகுப்பாகவே விற்கின்றன. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு இதனால் என்ன பலன்?

பலனே இல்லை என்று தள்ளிவிட முடியாது. காலை விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினாலோ, முழங்கால் திடீரெனச் சிவந்து சுட்டாலோ முடக்குவாதமா, கவுட்டா, கிருமித்தொற்றா என்று பிரித்தறிய ரத்தப் பரிசோதனை உதவும். தேய்மானத்திலும் மெல்லிய அழற்சி உண்டு என்பதைக் காட்டியதில், அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் புரதமான சி.ஆர்.பி. பற்றிய ஆய்வுகளுக்குப் பங்குண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், சி.ஆர்.பி. கூடியவர்களுக்கு வலி அதிகமாகவும் உடலியக்கம் குறைவாகவும் இருந்தன. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தோடுதான் அது ஒத்துப்போகவில்லை.

சிக்கல் இங்கேதான். சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாவது; உடல் கொழுப்பு கூடினாலும், சளிக்காய்ச்சல் வந்தாலும் ஏறும். ஏறியதற்குக் காரணம் முழங்காலா, தொப்பையா என்று அந்த எண் சொல்லாது. ஆய்வாளர்கள் நம்பிக்கை வைத்த ‘காம்ப்’ என்ற குருத்தெலும்புப் புரதமும் எந்த மூட்டிலிருந்து கசிந்தது என்று காட்டாது. அரைமணி நேரம் நடந்தாலே கூடி, ஓய்வெடுத்தால் குறைந்துவிடும். முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டரோ அந்த நோயில்லாத முதியவர் சிலருக்கும் பாசிட்டிவ் காட்டி, வீண் பயத்தைக் கிளப்பும்.

நோயாளியின் குறையோ, ‘உட்கார்ந்தால் எழ முடியவில்லை’ என்பது. அதை அளக்க ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். மூட்டுத் தேய்மான ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமான ஓ.ஏ.ஆர்.எஸ்.ஐ. 2013இல் பரிந்துரைத்த சோதனைகளில் இதுவும் ஒன்று. தொடைத்தசையின் வலு இதில் ஓரளவு தெரியும். உடற்பயிற்சி பலித்தால் எண் கூடுவதை நோயாளியே பார்க்கலாம். இதற்கும் குறை உண்டு: அன்றைய வலியைப் பொறுத்து மாறும், காரணத்தைச் சொல்லாது.

45 வயதோ அதற்கு மேலோ ஆகி, நடமாடும்போது வலித்து, காலை விறைப்பு அரைமணிக்குள் விலகினால் படம்கூட எடுக்காமல் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட மருத்துவ வழிகாட்டுதல். ஆகவே ரத்தப் பரிசோதனை சந்தேகத்தின் பேரில் எழுதப்பட வேண்டியது. வழக்கத்தின் பேரில் அல்ல. சீட்டைக் கையில் வாங்கும்போது நோயாளி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்த முடிவு எப்படி வந்தால் என் சிகிச்சை மாறும், டாக்டர்?”