மால்குடியின் இலக்கணம்

சங்கத்து நண்பர்கள் கூடும்போது அடிக்கடி எழும் வாதம் இது: "ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு இலக்கணம் எதுக்கு சார்? சொல்ல வந்தது புரிஞ்சாப் போதாதா?" தமிழில் ஒற்றுப் பிழை கண்டால் சண்டைக்கு வருபவர்கள்கூட, ஆங்கிலம் என்றதும் தாராள மனசுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

இந்த வாதத்துக்குச் சாட்சியாக ஆர்.கே. நாராயணை அழைப்பார்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்திலேயே தேறாதவர், அப்படியும் உலகப் புகழ் பெறவில்லையா என்பார்கள். தேர்வில் தோற்பதும் இலக்கணம் தெரியாமலிருப்பதும் ஒன்றா? 1935-இல் வந்த 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலை எடுத்துப் பாருங்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள். டென்ஸ் தடுமாறாது. 'அ', 'தி' என்ற ஆர்ட்டிகிள்கள் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருக்கும். நமக்கு இதுதான் கஷ்டம். தமிழில் 'தி'க்கு நேரான சொல் கிடையாது. 'ஒரு' என்பதையும் பல இடங்களில் விட்டுவிடலாம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவர், ஒன்று ஆர்ட்டிகிளை விழுங்குவார், இல்லையேல் கண்ட இடத்தில் தூவுவார். 'இங்கேதான் இருக்கேன்' என்பதன் 'தான்' நம் வாயில் 'ஐ ஆம் ஹியர் ஒன்லி' ஆகிவிடுகிறது. 'இல்லையா' என்ற ஒரே சொல்லை எல்லாக் கேள்விக்கும் ஒட்டிப் பழகியதால், 'இஸிண்ட் இட்'டையும் அப்படியே ஒட்டுகிறோம். வீட்டில் பேச இதெல்லாம் போதும். அச்சில் அப்படியே வந்தால், வாசகர் கதையை விட்டுவிட்டு எழுதியவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

"கிரகாம் கிரீன் திருத்திக் கொடுத்த ஆங்கிலம்தானே அது?" என்று கேட்பவர்களும் உண்டு. கிரீன் திருத்தினார், அந்த முதல் நாவலின் தலைப்பே அவர் சொன்னதுதான். ஆனால் திருத்தக் கொடுத்தவர் நாராயண் அல்லவா? இலக்கணம் முக்கியமில்லை என்று நினைப்பவர் அதைச் செய்யமாட்டார்.

2001-இல் நாராயண் மறைந்தபின், அவர் நடை தட்டையானது, சொல்வளம் போதாது என்று சசி தரூர் எழுதினார். இதை நான் முழுக்க மறுக்கமாட்டேன். 1945-இல் வந்த 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலின் பிற்பகுதியில் ஆவியோடு பேசும் அத்தியாயங்களை அந்த எளிய நடையால் தாங்க முடியவில்லை. எனக்கு அவை ஒட்டவே இல்லை. ஆனால் சுசீலா டைஃபாய்டில் படுத்திருக்கும் பகுதியைப் படியுங்கள். ஜுரத்தின் அளவைக் குறித்து வைப்பது, மருந்து, டாக்டர் வருவது போவது என்று ஒவ்வொன்றும் முறையான, நிதானமான வாக்கியமாக வருகிறது. அழுகையைக் காட்டும் வார்த்தை குறைவு. ஒரு வாக்கியம் கோணியிருந்தாலும் நம் கவனம் இலக்கணத்துக்குப் போயிருக்கும், சுசீலா கைநழுவிப் போயிருப்பாள். தன் மனைவி ராஜத்தை 1939-இல் அதே நோய்க்குப் பறிகொடுத்தவர் எழுதியது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இலக்கணத்தை மீறியும் நல்ல எழுத்து வரவில்லையா? வந்திருக்கிறது. ஜி.வி. தேசானியின் 'ஆல் அபௌட் எச். ஹேட்டர்' (1948) அப்படிப்பட்டது. மும்பைக் கவிஞர் நிஸிம் எஸக்கியேல், வெளிநாடு போகும் மிஸ் புஷ்பாவுக்கு ஒருவர் வழியனுப்பு உரை ஆற்றுவதாக எழுதிய கவிதை இன்னும் பிரசித்தம். கண்ட வினைச்சொல்லுக்கெல்லாம் '-இங்' சேர்த்துப் பேசுவார் அந்த மனிதர். எஸக்கியேல் ஆங்கிலப் பேராசிரியர். எந்த '-இங்' தப்பு, எது சரி என்று காதுக்குத் தெரிந்தவர். அதனால்தான் அத்தனை பிழையும் ஒரு தாளக்கட்டுக்குள் நிற்கிறது, பேசுகிறவரின் ஆளும் குணமும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

எனக்கு அந்தக் கவிதையில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. மேடையில் வாசிக்கும்போது சபை சிரிப்பது பேசுகிற அந்த அப்பாவியைப் பார்த்துத்தான். நம்ம 'ஒன்லி'யையும் 'இஸிண்ட் இட்'டையும் வைத்து, ஆளைக் கேலி செய்யாமல் ஒரு தமிழர் இப்படி எழுதி நான் படித்ததில்லை. யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு வேண்டும்.