மைக்குக்கு முந்திய குரல்

பழனி அடிவாரம் முதல் கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயில் வரை ஒலிபெருக்கிகளில் அதிகம் கேட்கும் பெண் குரல்கள் கே.பி.சுந்தராம்பாள், சூலமங்கலம் சகோதரிகள், பெங்களூர் ரமணியம்மாள் ஆகியோருடையவை. பாடுவது முருகனைத்தான் என்றாலும், பாடும் முறையில் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை.

கொடுமுடியில் 1908-ல் பிறந்த சுந்தராம்பாள் நாடக மேடையில் வளர்ந்தவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். போதாததற்கு, மேல் ஸ்தாயிக்குப் பேர்போன எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்து நடித்தவர். அவருக்கு ஈடுகொடுத்தாக வேண்டும். இந்த இரண்டு நெருக்கடியும் சேர்ந்து உருவாக்கிய பாணி அது.

'திருவிளையாடல்' (1965) படத்தில் பழனித் தலக் கதைக்கு அவர் ஔவையாக வந்தபோது வயது 56. கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கும் பாலகனைச் சமாதானப்படுத்தும் பாட்டு, தாளமில்லாத விருத்தமாகத் தொடங்குகிறது. வல்லின எழுத்துகளில் விழும் அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். சொல்லை முழுசாகக் கொடுத்த பிறகே பிருகா எனும் வேக உருட்டலை அவிழ்க்கிறார். மேலே போகப்போகக் குரல் மெலியவில்லை, அகலமாகிறது. இனிமையான குரல் என்று அதைச் சொல்வது அரைகுறைப் பாராட்டு. அதிகாரம்தான் அதன் அழகு. 'துணைவன்' (1969) படத்துக்காகத் தேசிய விருதும் கிடைத்தது.

இதே பள்ளியை மேற்கு ஆப்பிரிக்காவிலும் பார்க்கலாம். மாலி நாட்டில் ஜெலிமுசோ எனப்படும் பரம்பரைப் பாடகிகள், கல்யாண வீட்டு முற்றத்தில் கூட்டத்துக்கு மேலே கேட்கும்படி பாடிப் பழகியவர்கள். அந்தப் பரம்பரையில் வராத மாலிப் பாடகி ஊமு சங்காரே, வாசுலு வட்டாரத்து வேட்டைக்காரர் இசையிலிருந்து கிளைத்த நரம்பு வாத்தியத்தை வைத்துக்கொண்டு பலதார மணத்தைச் சாடினார். அங்கே பழைய வாத்தியத்தில் புது விஷயம் ஏறியது. முருகன் பாட்டில் நடந்தது தலைகீழ்: விஷயம் மாறவில்லை, மற்றதெல்லாம் மாறியது.

சூலமங்கலம் ஜெயலட்சுமி, ராஜலட்சுமி இருவரும் கந்த சஷ்டி கவசத்தை ஆபேரியில் தொடங்கி ராகம் ராகமாக நகர்த்தி மத்யமாவதியில் முடிக்கிறார்கள். இரண்டு குரலும் ஒன்றாகவே ஒலிப்பதும், பிருகா வெடிக்காத சீரான நடையும் கேட்பவரையும் கூடச் சொல்ல வைக்கின்றன. ரமணியம்மாள் பஜனைக்காரர். அவருடைய துள்ளல் காவடி ஆட்டத்துக்குத் தோதானது.

சுந்தராம்பாள் பாட்டுக்குக் கூடப் பாடவும் முடியாது, ஆடவும் முடியாது. நின்று கேட்க வேண்டியதுதான். இன்றைய மெல்லிசை மேடைகளில் அதைப் பாட முயலும் பெண்கள் பெரும்பாலும் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிக்கிறார்கள். உச்சத்தில் ஒலி பிளந்துவிடுகிறது. ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே பாதிக் குறை தீரும். மீதிப் பாதிக்கு வல்லினத்தை விழுங்காமல் சொல்லப் பழக வேண்டும்.